சந்தியாகப்பர் வெளியூர் போயிருந்த நாள்

போன மாதம் எங்கள் நில அளவையர் சங்கத்திலிருந்து மூன்று இளம் சர்வேயர்கள் கம்பத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்களிடம் ஆளுக்கொரு கட்டுரை வாங்குகிறார்களாம்.

"சார், நீங்க பேசுனா ஆபீஸே சிரிக்கும்னு சொன்னாக. அதே மாதிரி சிரிப்பா எழுதிக் குடுங்க" என்றார் ஒருவர்.

இன்னொருவர் கைப்பேசியில் ட்ரோன் எடுத்த படத்தைக் காட்டினார். ஒரு கிராமம் முழுக்கக் கூரை கூரையாகத் தெரிந்தது. "நீங்க மாசக்கணக்கா அலஞ்சத இது ஒரு காலையில முடிச்சிரும் சார்."

"நானும் ஒரு ஊரை ஒரே மத்தியானத்துல முடிச்சவன்தான் தம்பி" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கவில்லை. அது எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, முடிந்த வரைக்கும் சிரிப்பாக எழுதுகிறேன். முடியாத இடத்தில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஐந்தடி ஓர் அங்குலம். செங்கோணம் பிடிப்பதற்கு எங்களிடம் கிராஸ் ஸ்டாஃப் என்று ஒரு கழி இருந்தது. அதை நான் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தால், கழிதான் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறது என்று களை பறிக்கும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பயிற்சிக் காலத்தில் வெயில், முள், கணக்கு என்று மூன்று பாடங்கள். முதல் இரண்டில் முதல் தடவையே தேறினேன். பிற்காலத்தில் சொந்த வீடு கட்டியபோது மூலைமட்டம் நானே பிடித்தேன். அதனால் எங்கள் வீட்டுப் பீரோ இன்று வரை சுவரோடு ஒட்டி நின்றதில்லை. "ஊரான் நெலத்தையும் இப்படித்தான் அளந்தீகளா?" என்பாள் என் மனைவி. இல்லை. ஊரான் நிலத்தை நான் ஒழுங்காகவே அளந்தேன். இங்கே நான் சொல்லப்போகும் இடத்தில்கூட அளவில் ஓர் அங்குலம் தப்பில்லை.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் வேலைக்கு வரும் சர்வேயர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பல இடங்களுக்கு இரண்டு பெயர்கள் உண்டு என்பது. ஒன்று பதிவேட்டில் இருக்கும் வருவாய்க் கிராமத்தின் பேர். மற்றது சனங்கள் வாயில் இருக்கும் பேர். வாயில் இருக்கும் பேர் பெரும்பாலும் யாராவது ஒரு புனிதருடையதாக இருக்கும். ராயப்பன்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ராயப்பர் என்றால் இயேசுவின் சீடர் பேதுரு. பழைய கத்தோலிக்கர்கள் அவரை அப்படித்தான் சொல்வார்கள். ஊர்ப் பேர் நேரே அவரிடமிருந்து வந்ததா, அவர் பேரை வைத்திருந்த ஒரு முன்னோரிடமிருந்து வந்ததா என்று அங்கே டீக்கடையில் ஒருநாள் வாயை விட்டுவிட்டேன். இரண்டு கட்சியாகிவிட்டது. என் டீ ஆறியதுதான் மிச்சம். ஆனால் அது பெரிய ஊர், பதிவேட்டிலும் அந்தப் பேரே இருக்கிறது. சிக்கல் எல்லாம் சின்னக் குடியிருப்புகளில்தான். அந்தோணியார் பேரில் பத்து வீடு இருக்கும். சவேரியார் பேரில் பதினைந்து வீடு இருக்கும். அவுலியா என்கிற முஸ்லிம் மகான் ஒருவர் அடங்கிய மேடு, ஒரு சித்தர் உட்கார்ந்து எழுந்த பாறை என்று போய்க்கொண்டே இருக்கும்.

இவையெல்லாம் எப்படி வந்தன என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கதை ஏறக்குறைய ஒன்றுதான். எங்கோ மழை பொய்த்துப்போய்ப் பிழைக்க வந்தவர்கள், சுமந்து வர முடிந்ததைச் சுமந்து வந்தார்கள். வந்த இடத்தில் முதலில் சாமியை இறக்கினார்கள். அவரைச் சுற்றிக் குடிசை போட்டார்கள். எந்த ஊர் என்று யாராவது கேட்டபோது சாமி பேரைச் சொன்னார்கள். எங்கள் பதிவேட்டில் அந்தப் பேர் ஏறாது. பெரிய கிராமத்தின் ஏதோ ஒரு சர்வே எண்ணும் அதற்கு எதிரே 'நத்தம்' என்ற ஒரு சொல்லும் இருக்கும். குடியிருப்பு நிலம் என்று அதற்கு அர்த்தம்.

சந்தியாகப்பர்புரம் அப்படி ஓர் இடம். மேற்கே மலை, கிழக்கே வாய்க்கால், நடுவே இருபத்துச் சொச்சம் வீடுகள், ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்று. சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் வாளோடு இருக்கும் புனிதர். பெரியாற்று அணைத் தண்ணீர் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வழியாக இறங்கி இந்தப் பக்கம் பச்சை பிடித்த காலத்தில், கிழக்கே மானாவாரிச் சீமையிலிருந்து நடவு வேலைக்கு வந்த குடும்பங்கள் அவரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தன. இந்த வரலாறெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. தெரிய வேண்டிய நேரத்தில் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் கிராமம் கிராமமாக நத்தத்தை அளந்தோம். வீட்டுக்கு வீடு போய், யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டு, மனையை அளந்து, படம் வரைந்து, குடியிருப்பவர் பேருக்குப் பட்டா போட வேண்டும். ஆள் இல்லாத இடம் அரசுப் புறம்போக்கு என்று போய்விடும். அப்போது எனக்கு மேலே இருந்தவர் இன்ஸ்பெக்டர் தணிகாசலம் சார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சேற்று வயலுக்கும் பாலிஷ் போட்ட ஷூவோடுதான் வருவார். வரப்பு ஓரத்தில் ஷூவைக் கழற்றி, அதற்குள் காலுறையை மடித்து வைத்து, மேலே குடையை விரித்து மூடிவிட்டு வெறுங்காலோடு இறங்குவார். வெயிலில் அவர் நிற்பார், ஷூ நிழலில் இருக்கும். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். நம் அளவுப் புத்தகத்தைக் கையில் வாங்கி, தப்பான வரியின்மேல் விரலை வைத்து, நாமே படித்துக் காட்டும்வரை அப்படியே நிற்பார். ஒருமுறை ஒரு கிணற்றை நான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரைந்துவிட்டேன். வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "தாண்டிக் குதிச்சிருக்கு போல, கிணறு" என்றார். நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. "கண்ணுல பட்டத எழுது. காதுல பட்டத எழுதாதே." பக்கத்து வீட்டுக்காரன் சொன்னான், டீக்கடையில் சொன்னார்கள் என்று எழுதினால் புத்தகம் திரும்பி வரும். நில விஷயத்தில் காதை நம்பினால் ஊரில் வெட்டுக்குத்து ஆகிவிடும் என்பார். அது சரிதான். இப்போதும் சரி என்றே நினைக்கிறேன்.

சோதனைக்கு என்று ஒரு முறை வைத்திருந்தார். நாம் அளந்த பத்து இடத்தில் இரண்டை அவராகத் தேர்ந்தெடுத்து மறுபடி அளப்பார். இரண்டும் சரியாக இருந்தால் பத்துக்கும் கையெழுத்து.

அந்த ஆடி மாதம் நானும் அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் காதர் மைதீனும் சந்தியாகப்பர்புரத்துக்குப் போனோம். காதர் உத்தமபாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு கை உயரம் கூட. சங்கிலியின் ஒரு முனையில் அவரும் மறு முனையில் நானும் நின்றால் நிலமே சரிவாகத் தெரியும் என்று ஆபீசில் சொல்வார்கள்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. மலை இறக்கத்தில் மண்ணை வாரி முகத்தில் அடித்தது. ஊருக்குள் நுழைந்தோம். ஆள் இல்லை. கோழி இல்லை, ஆடு இல்லை, ஒரு நாய்கூட இல்லை. கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே எட்டிப் பார்த்தால் அடுப்பு சில்லிட்டுக் கிடக்கிறது. பானை சட்டி ஒன்றும் இல்லை. கோயில் கதவும் திறந்துதான் கிடந்தது. பீடத்தின் மேல் சாமியும் இல்லை.

"என்னா காதர், ஊரு மலையேறிருச்சா?"

காதர் சுற்றிப் பார்த்தார். "திருவிழாவுக்குப் போயிருப்பாக சார். இவுகளுக்கு இந்த மாசந்தான் சாமி கும்புடுன்னு கேள்வி. ரெண்டு நாள் கழிச்சு வருவமா?"

"கேள்வியா? கேள்விய எழுதுனா இன்ஸ்பெக்டர் வெரல வச்சுருவாரு."

"எழுத வேணாம் சார். திரும்பி வருவம்னுதான் சொல்றேன்."

"திருவிழாவுக்குப் போறவன் எவனாச்சும் கதவத் தெறந்து போட்டுட்டுப் போவானா? சட்டிபானையத் தூக்கிட்டுப் போவானா? கோழியக் கூட்டிட்டுப் போவானா? கோழி என்னா தேர் இழுக்கவா போகுது?"

காதர் சிரித்துவிட்டார். என் சாமர்த்தியம் அதுதான். எதிரே இருப்பவர் சிரித்துவிட்டால் வாதம் முடிந்தது என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவதற்கே அர்த்தமில்லை. எனக்குத் தாகமாக இருந்தது. கோயிலிலிருந்து மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு மண்பானை இருந்தது, மேலே தட்டு மூடி, தட்டின்மேல் ஒரு தம்ளர் கவிழ்த்து. முழுப் பானைத் தண்ணீர். சில்லென்று இருந்தது. இரண்டு தம்ளர் குடித்தேன். காதரும் குடித்தார். பிறகு அந்த வாசலிலேயே உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்து, குறிப்புக் கட்டத்தில் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: 'பாழடைந்த குடிசைகள். குடியிருப்போர் எவரும் இல்லை.'

கண்ணில் பட்டதைத்தான் எழுதினேன். பானையும் கண்ணில் பட்டதுதான். அதை எழுதவில்லை.

நான்கு நாள் கழித்துக் காதர் வந்து, "சார், அந்த ஊருக்கு ஆளுக வந்துட்டாக. வாய்க்கா மேட்டுலருந்து பாத்தேன், அடுப்பெல்லாம் பொகையுது" என்றார். அன்று காலைதான் புத்தகத்தை மேலே அனுப்பியிருந்தேன். திரும்பக் கேட்டால் தணிகாசலம் சார் விரல் வைப்பார். அந்த விரலை நினைத்தேன். "ஆட்சேபணை இருந்தா அவுகளே வந்து சொல்லுவாக காதர். அதுக்குத்தான நோட்டீஸ் ஒட்டுறாக" என்றேன். சார் சோதனைக்கு எடுத்த இரண்டு இடமும் வேறு இடங்கள். இரண்டும் அங்குலம் பிசகாமல் இருந்தன. பத்துக்கும் பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.

நோட்டீசைப் பெரிய கிராமத்துச் சாவடியில் ஒட்டினார்கள். அதில் சர்வே எண்கள் இருந்தன. சந்தியாகப்பர்புரம் என்ற பேர் ஓர் இடத்திலும் இல்லை. அந்த ஊர்க்காரர் அதைப் படித்திருந்தாலும் தன் வீட்டைப் பற்றியது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

இருபது வருடத்துக்கு மேல் ஓடிற்று. எனக்குப் பதவி உயர்ந்தது, வயிறு முன்னே வந்தது, தலைமுடி பின்னே போனது. அந்தப் பக்கம் ஒரு புறவழிச் சாலை போடத் தீர்மானித்தார்கள். பட்டா நிலம் உள்ளவர்களுக்கு நோட்டீஸ், விசாரணை, இழப்பீடு எல்லாம் உண்டு. புறம்போக்கில் இருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள், காலி செய்தால் போதும். எல்லை காட்டிக் கல் நட என்னை அனுப்பினார்கள். சர்வே எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வாய்க்காலைத் தாண்டி ஓட்டுக் கோயிலைப் பார்த்ததும்தான் கால் நின்றது.

அந்தக் கோயில் சாவி ஆரோக்கியம் என்ற பெண்ணிடம் இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் இல்லை. கோயிலைக் கூட்டிப் பெருக்கி, சாயங்காலம் செபம் சொல்லிக்கொடுக்கிறவர். ஊர் கூடிவிட்டது. பேசியது அவர்தான்.

"சாரு, நாங்க இங்கன நாலு தலமொறையா இருக்கோம். ஆக்கிரமிப்புன்னு சொல்றாக. யார ஆக்கிரமிச்சோம்?"

"ரெக்கார்டுல அப்படி இருக்கும்மா."

"என்னான்னு இருக்கு?"

புத்தகத்தின் நகல் என் கையில்தான் இருந்தது. படித்துக் காட்டினேன். என் கையெழுத்தை நானே படித்தேன்.

"ஆளே இல்லையாமா?" கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "அப்ப நாங்கள்லாம் யாரு, பேயா?"

ஆரோக்கியம் தேதியைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அது சாமி பெறந்த வீட்டுக்குப் போற நாளு சார்."

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை, சந்தியாகப்பர் திருநாளுக்கு, அவர் கிளம்பி வந்த கிழக்குச் சீமைக் கோயிலுக்கு அவரைத் திரும்பக் கூட்டிப் போவார்கள். மூன்று நாள். ஊரே கூடப் போகும். சாமி இல்லாத ஊரில் அடுப்பு எரியக் கூடாது. அதனால் சட்டிபானையும் வண்டியேறும். ஆடு கோழியைப் பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் பட்டியில் விட்டுப் போவார்கள். கதவைப் பூட்ட மாட்டார்கள். காவல்காரரையே கூட்டிக்கொண்டு போகும்போது பூட்டு எதற்கு என்று ஒரு ரோசம். வழிப்போக்கர் யாராவது வந்தால் குடிக்க, ஒரே ஒரு பானைத் தண்ணீர் மட்டும் நிறைத்து வைப்பார்கள்.

"மூணே நாளு சார். வருசத்துல மூணு நாளு. அன்னிக்குன்னு பாத்து எவன் வந்தான்?" என்றார் ஆரோக்கியம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி சிரிக்க வைப்பதுதான். "எவனோ ஒரு குருட்டுப் பய" என்றேன். "கண்ணாடி போடாம வந்திருப்பான்."

கூட்டம் சிரித்தது. "அந்தப் பயலுக்குக் கையி வெளங்காமப் போக" என்று ஒரு பெரியவர் சொன்னார். "போகட்டும்" என்றேன் நானும்.

மறுநாள் பெரியகுளத்துக்குப் போய்த் தணிகாசலம் சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருந்தது. வாசலில் பாலிஷ் போட்ட ஷூ இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பானை உட்பட. நகலை வாங்கி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார். பழைய பழக்கத்தில் நான் படித்தேன். அவர் விரல் மெல்லக் கீழே இறங்கியது, தன் பழைய கையெழுத்துக்கு. அதைப் படி என்று என்னிடம் சொல்லவில்லை. தானே படித்துக்கொண்டார்.

"நீ பாத்தும் எழுதல. நான் பாக்காம போட்டேன்" என்றார். "எப்பப் போகணும் ஆபீசுக்கு?"

இரண்டு பேரும் போனோம். சாலைக்கு நிலம் எடுக்கும் அதிகாரி இளைஞர், மரியாதையானவர். சாருக்கு நாற்காலி போட்டார். எங்கள் வாக்குமூலத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"அன்னைக்கு நீங்க எழுதுனது தப்புன்னு சொல்றீங்க. சரி. இன்னைக்கு எழுதுறது சரிங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் பார்த்தேன் சார். தண்ணி குடிச்சேன்."

"அத எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கேயும் எழுதவில்லை. ரேஷன் அட்டை இருந்தது, வாக்காளர் பட்டியல் இருந்தது. எல்லாம் பெரிய கிராமத்தின் பேரில்தான் இருந்தன. அந்த இடத்தில்தான் குடியிருந்தார்கள் என்று அவற்றில் ஒரு வரியும் இல்லை. சாலையின் வரைபடம் ஏற்கெனவே முடிந்திருந்தது. அதிகாரி தன்னால் முடிந்ததைச் செய்தார். எங்கள் வாக்குமூலத்தைக் காட்டி, ஏழு மைல் தள்ளிக் கல்லும் முள்ளுமான ஒரு கரட்டுக் குன்றில் வீட்டுக்கு இரண்டு சென்ட் இடம் வாங்கிக் கொடுத்தார். வெளியே வந்ததும் சார் குடையை விரித்தார். பஸ் ஏறினார். அடுத்த தை மாதம் காலமாகிவிட்டார்.

காலி செய்த அன்று நான் போக வேண்டிய அவசியம் இல்லை. போனேன். சட்டிபானை வண்டியேறிக்கொண்டிருந்தது. கதவுகள் திறந்து கிடந்தன. அடுப்பு அணைந்திருந்தது. சாமியை இறக்கிவிட்டார்கள். நான் எழுதிய வரி இத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் உண்மையானது.

ஆரோக்கியம் தலையில் பானையோடு வந்தார். குறுக்கே போய் நின்றேன்.

"ஆரோக்கியம், அந்தக் குருட்டுப் பய நாந்தான்."

அவர் பானையை இறக்கிக் கீழே வைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்க அதிகம் இல்லை.

"தண்ணி வச்சிருந்தமே, குடிச்சீகளா?"

"குடிச்சேன்."

"எந்த வீடு?"

"கோயிலுக்கு மூணாவது."

"அது எங்க சலேத்தக்கா வீடு. நல்ல தண்ணிக்கு வாய்க்கா தாண்டிப் போவும் அது." வாய்க்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். "குடிச்சிட்டு எழுதுனீகளா? எழுதிட்டுக் குடிச்சீகளா?"

"குடிச்சிட்டுத்தான்."

பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாற்பது வருட வேலையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். வரப்புச் சண்டையில் ஒருவர் அரிவாளே எடுத்திருக்கிறார். அதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இதை மட்டும் என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சிரிப்பாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். முடியவில்லை.

மலர் போடும் பிள்ளைகளே, உங்கள் ட்ரோன் நன்றாக இருக்கிறது. என்னைப் போல அதற்குத் தாகம் எடுக்காது, வாய்த்துடுக்கும் கிடையாது. ஆனால் பறக்க விடும் முன்னால் ஊருக்குள் ஒருமுறை நடந்து போங்கள். உங்கள் ஊர்ச் சாமி யார், அவர் எந்த நாளில் வெளியே போவார் என்று கேளுங்கள். காதில் விழுவதை எழுத வேண்டாம். திரும்பி எப்போது வருவது என்று தெரிந்துகொள்ள அது உதவும். காதர் என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான்.

இந்த ஆடியில் நான் அந்தக் கரட்டுக் காலனிக்குப் போனேன். அங்கேயும் அளவைக்கு வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேர்ப் பலகையில் வெறும் காலனி என்றுதான் இருக்கிறது. மினிபஸ் கண்டக்டர் மட்டும் "சந்தியாகப்பர்புரம் எறங்கு" என்கிறார். சிலர் திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் பதினாறு வீடு. தகரம் போட்ட ஒரு சின்னக் கோயில்.

அன்றுதான் சாமி கிழக்கே கிளம்புகிற நாள். இப்போது மாட்டு வண்டி இல்லை, ஒரு வேன். வேனில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். சாமி ஊரில் இல்லாத மூன்று நாளும் அணைந்திருக்க வேண்டிய அடுப்புகள் எல்லா வீட்டிலும் எரிந்துகொண்டிருந்தன.

ஆரோக்கியம் தன் வாசற்படியில் இருந்தார். கண் கொஞ்சம் மங்கிவிட்டது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டார்.

"வாங்க சாரு. அளக்கவா வந்தீக?"

"ரிட்டயராயிட்டேன். இப்ப எங்க வீட்டு உப்பத்தான் அளக்குறேன், அதையும் வீட்டுக்காரி நம்ப மாட்டேங்குறா."

சிரித்தார். "நீங்க வேனுக்குப் போகலியா?" என்று கேட்டேன்.

"இங்க வந்ததுலருந்து போகல சார். வீட்டுக்கு ஒரு ஆளு இருக்கணும்னு ஊருல முடிவு. எனக்கு யாரு இருக்கா, நாந்தான் இருக்கணும்." வேன் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஒருவாட்டி போயிட்டு வந்துரணும்னுதான் இருக்கு. இனி எத்தன வருசமோ."

நான் படியில் உட்கார்ந்தேன். "நீங்க போங்க ஆரோக்கியம். மூணு நாளும் நான் இந்த வாசல்ல உக்காந்திருக்கேன். நகர மாட்டேன்."

"நீங்களா?"

"நாந்தான்."

"யாராச்சும் வந்து கேட்டா என்னா சொல்லுவீக?"

"இங்கன ஆளு இருக்குன்னு சொல்லுவேன்."

அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீங்க சொன்னா எழுதிக்கிருவாகளா சார்?"

எனக்குப் பதில் தெரியும்.

வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். பின் கதவு வழியாக வெள்ளைக் குதிரையின் தலை கொஞ்சம் தெரிந்தது. காலனி ரோட்டில் புழுதி எழும்ப வேன் நகர்ந்து, தகரக் கோயிலைச் சுற்றி, கிழக்கே திரும்பியது. ஆரோக்கியம் வாசற்படியை விட்டு எழுந்திருக்காமலே சிலுவை போட்டுக்கொண்டார்.